வேர் நரைக்கு வீட்டில் டை போடும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

முழுத் தலைக்கும் டை போட்ட மூன்றாவது, நான்காவது வாரத்தில் வகிட்டில் வெள்ளைக் கோடு தெரியத் தொடங்கிவிடும். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால் இது யாரையும் விடுவதில்லை. அடுத்த முழுச் சாயம் வரைக்கும் அந்த 1 செ.மீ. வேரை மட்டும் வீட்டிலேயே தொட்டுக்கொள்வது வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி, தொரப்பாடி என்று எங்கள் பக்கத்து வீடுகளில் சாதாரண வேலையாகிவிட்டது. அதில் ஏதாவது கோளாறு வந்ததும் என்னிடம் வருகிறவர்கள், “அக்கா, இந்த டை சுத்தமா புடிக்கவே மாட்டேங்குது, வேற கம்பெனி சொல்லுங்கக்கா” என்றுதான் தொடங்குகிறார்கள். கம்பெனியை மாற்றுவது கடைசிப் படி. எண்ணெய், தண்ணீர், நேரம், அளவு ஆகிய நான்கையும் பார்த்த பிறகும் கோளாறு நீங்காவிட்டால்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு வைக்கும் காரணம் பின்னாலும் வருகின்றன. உங்கள் அறிகுறி எதுவாக இருந்தாலும் முதல் பகுதியைப் படித்துவிட்டு அதற்குப் போங்கள்.

தலை எரிகிறது, அரிக்கிறது அல்லது முகம் வீங்குகிறது

இந்த அறிகுறி வந்தால் நிறத்தைப் பற்றிய கவலையை அப்படியே விட்டுவிட வேண்டும். இன்னும் பத்து நிமிடம்தானே என்று பொறுத்துக்கொள்ளாமல், உடனே நிறையத் தண்ணீர் விட்டு, காரமில்லாத ஷாம்பு போட்டுச் சாயம் முழுவதையும் கழுவ வேண்டும்.

*கழுவியதும் சிறிது நேரத்தில் எரிச்சல் அடங்கிவிட்டால்:* அன்று காலையில்தான் தலையை அழுத்தித் தேய்த்துக் குளித்திருப்பீர்கள், அல்லது சீப்பு கீறிய இடத்திலோ வேர்க்குருவிலோ சாயம் பட்டிருக்கும். எங்கள் ஊர்க் கோடையில் நெற்றியோரத்திலும் பிடரியிலும் வேர்க்குரு இல்லாதவர்கள் குறைவு. அது ஆறும்வரை டையைத் தள்ளிப்போடுங்கள். தலைக்குக் குளிப்பதை முந்தைய நாளே முடித்துக்கொள்ளுங்கள்.

*அடங்காமல் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ கூடிக்கொண்டே போனால்:* இது ஒவ்வாமையாக இருக்கக்கூடும். கருப்பு நிறம் தரும் டைகளில் பெரும்பாலானவற்றில், தூளாக இருந்தாலும் கிரீமாக இருந்தாலும், பாரா ஃபீனைலின் டையமின் என்ற பொருள் இருக்கிறது. சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். அமோனியா இல்லை என்று அட்டையில் போட்டிருந்தால் பி.பி.டி.யும் இல்லை என்று பொருளாகாது. ‘கருப்பு மருதாணி’ என்று விற்கும் தூளும் அப்படித்தான். தூய மருதாணி தனியாக ஒருபோதும் கருப்பைத் தராது. அரை மணி நேரத்தில் கருகருவென்று ஆக்கும் பொடியில் ரசாயனச் சாயம் கலந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க, பாக்கெட்டில் சொல்லியிருக்கும் முறைப்படி காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்மடிப்பிலோ துளி வைத்து 48 மணி நேரம் கவனிக்க வேண்டும். இத்தனை வருடமாக இதே டையைத்தான் போடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் தராமல் இருந்த டைக்கே திடீரென ஒருநாள் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால், அந்தத் துணிச்சலுக்கு இதில் இடமில்லை.

*எப்போது மருத்துவரிடம் போவது:* காது, கழுத்து, கண்ணிமை வீங்கினாலோ தலையில் நீர் கசிந்தாலோ டைப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். சி.எம்.சி.யிலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. உதடோ நாக்கோ வீங்கினாலும் மூச்சு முட்டினாலும் புறநோயாளிச் சீட்டுக்கு வரிசையில் நிற்காமல் 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். குழந்தை டையை வாயில் வைத்துவிட்டாலும் இதே அவசரம்தான். கழுத்து வீங்கி மூச்சுக்குழல் அடைபடலாம் என்பதால், வீட்டில் வாந்தி எடுக்க வைக்க முயன்று நேரத்தைக் கடத்தக் கூடாது. கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண் மருத்துவரைப் பாருங்கள். தலைக்குப் போடும் டையைப் புருவத்துக்குத் தொடவே வேண்டாம்.

பி.பி.டி. ஒவ்வாமை உறுதியானால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும். கம்பெனியை மாற்றிப் போட்டுப் பார்ப்பது ஆபத்து.

நரை மூடவே இல்லை, அல்லது திட்டுத் திட்டாக மூடியிருக்கிறது

முதலில் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில், காய்ந்த தலையைப் பாருங்கள். குளியலறைக் குழல் விளக்கில் பார்த்து முடிவுசெய்தால் இல்லாத குறையும் தெரியும், இருக்கிற குறையும் மறையும்.

*வேர் முழுவதும் வெளிறியே இருந்தால்:* எண்ணெயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தினமும் தேங்காய் எண்ணெய் வைக்கும் தலையில், மேல்முடி காய்ந்தது போலத் தெரிந்தாலும் வேரில் பிசுக்கு இருக்கும். வகிட்டில் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்து விரலால் அழுத்தி எடுங்கள். காகிதம் ஒளி ஊடுருவும்படி கறைபட்டால் சாயம் ஏறாது. முந்தைய நாள் ஷாம்பு போட்டுக் குளித்து, கண்டிஷனரை வேரில் படவிடாமல், மறுநாள் காய்ந்த தலையில் டை போட்டால் பலருக்கு இந்தக் கோளாறு இங்கேயே முடிந்துவிடுகிறது.

எண்ணெய் இல்லையென்றால் அடுத்தது நேரம். கிரீம் டைகளுக்குப் பொதுவாக 30 முதல் 45 நிமிடம் வரை போட்டிருப்பார்கள். அந்த நேரத்தைத் தலை முழுவதும் தடவி முடித்த பிறகுதான் எண்ண வேண்டும். தடவத் தொடங்கியதிலிருந்து எண்ணினால் கடைசியாகத் தொட்ட இடத்துக்குப் பாதி நேரம்கூடக் கிடைத்திருக்காது. மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்தால் சாயம் தலையிலேயே காய்ந்து வேலையை நிறுத்திவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் தொப்பி போதும்.

மூன்றாவது கலவை. வேருக்கு மட்டும் என்பதால் அரைக் குழாய் நிறக் கிரீமும் அதோடு கலக்கும் பெராக்சைடான டெவலப்பரில் பாதியும் எடுக்கிறோம், அங்கேதான் அளவு பிசகுகிறது. கண் மதிப்பில் ஊற்றாமல், மி.லி. கோடு போட்ட பழைய மருந்து மூடி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட்டால் (பிறகு அதை மருந்துக்குப் பயன்படுத்தக் கூடாது) டெவலப்பரின் அளவு சரியாக வரும். நரையை மூட 20 வால்யூம், அதாவது 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, போதும். மூடவில்லை என்பதற்காக 30, 40 வால்யூமுக்குப் போனால் நரை மூடாது, வேர்தான் வெளுக்கும். கலக்காத மீதியை மூடி இறுக்கி வைத்துக்கொள்ளலாம். கலந்த மீதியைக் கொட்டிவிட வேண்டும். அடுத்த வாரத்துக்கு அதில் வீரியம் இருக்காது. புட்டியில் அடைத்து வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து புட்டி வெடிக்கவும் கூடும். கலக்கும் கிண்ணம் பீங்கானோ பிளாஸ்டிக்கோ ஆக இருக்கட்டும், எவர்சில்வரும் அலுமினியமும் வேண்டாம்.

*நெற்றியோரமும் காதோரமும் மட்டும் ஏறவில்லை என்றால்:* அங்கே நரை முரடாகவும் வழவழப்பாகவும் இருக்கும், சாயத்தை எளிதில் வாங்காது. எனவே அங்கேதான் முதலில் தொடங்க வேண்டும். பெரும்பாலோர் உச்சி வகிட்டில் தொடங்கிக் கடைசியில் நெற்றிக்கு வருகிறார்கள். சாயமும் அதற்குள் தீர்ந்துவிடுகிறது. பிரஷ்ஷின் தட்டையால் பூசாமல் அதன் விளிம்பால் வேரில் வைத்து, முடியைப் புரட்டி மறுபக்கமும் வையுங்கள். வேர் சாயத்தில் அமிழ்ந்திருக்க வேண்டும். மேலே பூசினால் போதாது.

*பின்னந்தலை மட்டும் திட்டாக இருந்தால்:* காரணம் கை எட்டாமைதான். வால் சீப்பால் அரை செ.மீ. அகலத்துக்கு வகிடு வகிடாகப் பிரித்து, வீட்டில் இன்னொருவரைத் தொடச் சொல்லுங்கள். தாயும் மகளும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் வீடுகளில் இந்தப் புகார் வருவதே இல்லை.

*எப்போது பார்லருக்குப் போவது:* எண்ணெயும் நேரமும் அளவும் சரியாக இருந்தும் தொடர்ந்து இரண்டு முறை நெற்றி நரை மூடவில்லையென்றால். நரையை முன்கூட்டியே மென்மையாக்கிவிட்டுச் சாயம் ஏற்றும் முறை அவர்களிடம் உண்டு. அதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

வேர் செம்பட்டையாகவோ ஆரஞ்சாகவோ மின்னுகிறது, மற்ற முடி கருமையாக இருக்கிறது

*பழுப்பு, பர்கண்டி போன்ற நிறம் போடுகிறவர்களுக்கு:* வெள்ளை முடியில் இந்த நிறங்கள் எந்த மறைப்பும் இல்லாமல் நேரடியாகத் தெரியும். பெட்டி மேல் இருக்கும் பெண்ணின் தலையில் நரை இல்லை, உங்கள் வேரில் இருக்கிறது. அதே அளவு கருமையுள்ள இயற்கைப் பழுப்பைப் பாதியும் விரும்பும் நிறத்தைப் பாதியுமாக, ஒரே கம்பெனியின் ஒரே வகையிலிருந்து எடுத்துக் கலந்தால் நரையும் மூடும், நிறமும் அடங்கும்.

*கறுத்த வேரும் வெளுத்துப்போயிருந்தால்:* டெவலப்பர் கடுமையானது, அல்லது தலைச் சூடு. தலைத்தோலின் வெப்பத்தால் அதையொட்டிய முதல் 1 செ.மீ. முடியில் சாயம் விரைவாக வேலை செய்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது மொட்டை மாடி அறையில் மத்தியானம் உட்கார்ந்து டை போட்டால் இது இன்னும் கூடும். கோடையில் மாலை நேரத்துக்கு மாற்றுங்கள். 20 வால்யூமுக்கு மேல் போகாதீர்கள்.

ஏற்கெனவே மின்னும் வேரை அடக்க, ஒரு படி கருமையான இயற்கை ஷேடையோ சாம்பல் சாயல் உள்ள ஷேடையோ அந்தப் பட்டையில் மட்டும் தடவி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கற்றையைத் துடைத்துப் பார்த்து, போதிய அளவு அடங்கியதும் கழுவிவிடலாம். ஆரஞ்சு நிறம் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இருந்தால் வீட்டில் தொடாமல் பார்லரில் காட்டுங்கள்.

தலையில் கருப்புப் பட்டை விழுந்திருக்கிறது, நுனி மை போல ஆகிவிட்டது

பார்லரில் அதிகப் பணம் வாங்கும் கோளாறு இதுதான். தடுப்பதற்கோ காசே ஆகாது. வேருக்குக் கலந்த சாயத்தில் மீந்ததை வீணாக்க மனமில்லாமல் ஒவ்வொரு முறையும் சீப்பால் நுனிவரை இழுத்துவிடுகிறோம். பழைய சாயத்தின் மேல் புதிய சாயம் அடுக்கடுக்காக ஏறி, மூன்று நான்கு மாதத்தில் வேர் பழுப்பாகவும் நடு கருப்பாகவும் நுனி ஒளியில்லாத கரியாகவும் ஆகிறது. புதிதாக வளர்ந்த பகுதியோடு பிரஷ்ஷை நிறுத்துங்கள். பழைய சாயம் தொடங்கும் இடத்திலிருந்து கீழே கொஞ்சம் கண்டிஷனர் தடவிவைத்தால் தப்பித் தவறிப் படும் சாயம் அங்கே பிடிக்காது. நீளம் மங்கியிருந்தால் மட்டும் கடைசிச் சில நிமிடங்களில் தலையை ஈரப்படுத்திச் சாயத்தைக் கீழே கரைத்துவிட்டு அலசலாம், அதுவும் ஒவ்வொரு முறையும் அல்ல.

பட்டை விழுந்த பிறகு அதை இளக்க இளம் நிற டை வாங்கிப் போடுகிறார்கள். ஒரு சாயம் இன்னொரு சாயத்தை வெளுக்காது. நடுப்பட்டை அப்படியே இருக்கும், வேர் மட்டும் இன்னும் வெளுக்கும். பழைய சாயத்தை எடுக்கும் வேலை பார்லருடையது. அங்கே போகும்போது முன்பு போட்ட தூள் டை, மருதாணி, எண்ணெய் டை எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில பொடிகளில் உலோக உப்புகள் இருக்கும். அவை பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடாகிப் பொசுங்கிவிடும் என்பதால், உதிர்ந்த கற்றை ஒன்றில் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்வது உங்கள் உரிமை.

போட்ட இரண்டு வாரத்திலேயே வேர் வெளுத்துவிடுகிறது

எங்கள் பகுதியில் இதற்குத் தண்ணீரைப் பார்க்காமல் வேறு எதையும் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. பாலாற்றுப் படுகையில் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. தோல் பதனிடும் தொழில் நடக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் நிலத்தடி நீரில் உப்பும் அதிகம். அந்தத் தண்ணீரில் அலசினால் சுண்ணாம்பும் இரும்பும் முடியின் மேல் படிந்து நிறத்தை மங்கவைக்கின்றன, நுரை வராததால் ஷாம்புவையும் கூடுதலாகப் போடுகிறோம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஒன்றில் பாதி போர் தண்ணீரும் மற்றொன்றில் பாதி கேன் தண்ணீரும் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். கேன் தண்ணீரில் நுரை நிற்கும். போர் தண்ணீரில் நுரை அடங்கி, பால் கலந்தது போல வெண்மையாகத் திரிந்து, மேலே பிசுக்கு மிதந்தால் அது கடின நீர். வெந்நீர்க் குண்டானின் அடியில் வெள்ளைப் பொருக்கு தட்டுவதும், குழாய் வாயில் உப்புப் பூப்பதும் அதே அடையாளம்.

*கடின நீர் என்றால்:* முழுக் குளியலையும் மாற்றத் தேவையில்லை. டையைக் கழுவும் அன்றும் பிறகு தலைக்குக் குளிக்கும் நாட்களிலும் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மாடித் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. குடிக்கவே தண்ணீர் பற்றாத தெருக்களில் இது கடினம் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் தலைக்குக் குளிப்பதை வாரத்துக்கு ஒன்றாகக் குறைப்பதே வழி.

*தண்ணீர் நல்லது என்றால்:* எண்ணெய்க் குளியலின் நாளைப் பாருங்கள். வியாழக்கிழமை டை போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை சூடான நல்லெண்ணெய் தேய்த்து, அந்த எண்ணெய் போகும்வரை சீயக்காய் போட்டு அழுத்தினால் சாயமும் கூடவே இறங்குகிறது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துச் சனிக்கிழமை மாலை டை போட்டால் அடுத்த குளியலுக்கு ஆறு நாள் கிடைக்கும். குறைந்தது 48 மணி நேரமாவது ஷாம்பு வேண்டாம்.

*அதுவும் சரி என்றால்:* பெட்டியை மறுபடி படியுங்கள். சில குளியல்களில் போய்விடும் தற்காலிக வகையை நிரந்தர டை என்று நினைத்து வாங்கியிருக்கலாம். வண்டியில் வெறுந்தலையோடு வெயிலில் போகிறவர்களுக்கு வகிடு முதலில் வெளுக்கும், தலைக்கவசமோ துணியோ அதையும் காக்கும்.

மருதாணிக்குப் பிறகு அவுரி போட்டேன், வேர் பச்சையாக இருக்கிறது

கழுவியவுடன் தெரியும் பச்சைச் சாயலுக்குப் பயப்பட வேண்டாம். அவுரி என்ற நீலச் சாய இலைப்பொடி காற்றுபட்டுக் கருக்க இரண்டு நாள் வரை எடுக்கும். இரண்டு நாள் கழித்தும் பச்சையாகவே இருந்தால், வெள்ளை வேரில் மருதாணி போதுமான சிவப்பைப் பிடிக்கவில்லை என்று பொருள். எண்ணெயில்லாத வேரில் மருதாணியை மறுபடி மூன்று மணி நேரம் வைத்துக் கழுவி, அதன் மேல் அவுரி போடுங்கள். அவுரியை வெதுவெதுப்பான தண்ணீரில் மட்டும் குழைத்துக் கால் மணி நேரத்துக்குள் தடவிவிட வேண்டும். எலுமிச்சையும் தயிரும் மருதாணியோடு நிற்கட்டும், அவுரிக்கு அவை ஆகாது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் அவுரிப் பொடி பழையதாகிப் பச்சை மங்கிப் பழுப்பேறியிருந்தால் எத்தனை மணி நேரம் வைத்தாலும் பிடிக்காது.

நெற்றியிலும் காதிலும் கறை

போடுவதற்கு முன் முடியோரத்தில் வாசலின் தடவுங்கள், முடியில் படாமல். கறை பட்டுவிட்டால் ஈரமாக இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். மிச்சம் இரண்டு மூன்று நாளில் தானாக உரியும். ப்ளீச்சிங் பவுடரும் சமையலறைத் துலக்கும் தூளும் முகத்துக்கு வேண்டாம்.

வேருக்குச் சற்று மேலே முடி ஒடிகிறது

ஒடிந்த முடி ஒரே நீளத்தில் இருந்தால் சாயம் ஒன்றன் மேல் ஒன்றாகப் பட்ட இடத்தில் ஒடிகிறது. இரண்டு மாதம் நிறுத்துங்கள். வேரோடு, நுனியில் சிறு வெள்ளைக் குமிழுடன் வந்தால் அது ஒடிவது அல்ல, உதிர்வது. அது தொடர்ந்தாலோ தலையில் வழுக்கைத் திட்டு தெரிந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

டை போட நேரமில்லை, நாளைக் காலையில் முகூர்த்தம்

புதுப் பெட்டியை வாங்கி, 48 மணி நேரச் சோதனை இல்லாமல் அவசரமாகப் போடுவதைவிட, வேரை மறைக்கும் பவுடரோ ஸ்ப்ரேயோ குச்சியோ பாதுகாப்பானது. வகிட்டை வழக்கத்துக்கு மாறாக ஒரு விரல் தள்ளி எடுத்தாலே பாதி நரை மறைந்துவிடும். மீதிக்குப் பவுடரை முழுக்கக் காய்ந்த முடியில் ஒற்றி, காய்ந்த பிறகு வகிட்டுக் குங்குமத்தை வையுங்கள், வரிசை மாறினால் குங்குமம் கறுத்துவிடும். மல்லிகைச் சரத்தை ஈரத்தோடு நேராகத் தலையில் வைக்காமல் உதறி, துணியில் ஒற்றி, பவுடர் பட்ட இடத்துக்குக் கீழே சொருகுங்கள். ஈரம் பட்டால் பவுடர் கரைந்து வெள்ளைப் பூவிலும் பட்டுச் சேலையின் தோளிலும் இறங்கும். மண்டபத்தில் வியர்த்தால் கைக்குட்டையால் ஒற்ற வேண்டும், துடைக்கக் கூடாது. இரவு படுப்பதற்கு முன் ஷாம்பு போட்டுக் கழுவிவிடுங்கள். தலையணை உறையில் ஏறிய கறை எளிதில் போகாது.